சட்டைக்குள் வேறு யாரோ

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் இன்று மறுபடியும் அந்த இரண்டு கவிதைகள். 'தொலைந்தவன்', 'கிடைத்தவன்'. பாடநூலில் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பல்லும் பல்செட்டும் மாதிரி.

கேள்வித்தாளில் வருஷம் தவறாமல் வருகிறது: "இவ்விரு கவிதைகளையும் ஒப்பிட்டு, இழப்பும் மீட்பும் வெளிப்படும் பாங்கை விளக்குக." பிள்ளைகளும் வருஷம் தவறாமல் எழுதுகிறார்கள்: முதல் கவிதை இருள், இரண்டாம் கவிதை ஒளி. முழு மதிப்பெண் போட்டுவிட்டு வேறு தாளை எடுப்பேன்.

வகுப்பு முடியும்போது ஒரு பெண் கேட்டாள், "மேடம், கவிஞர் உங்க கூடப் பிறந்த அண்ணனாமே? அவர் தொலைஞ்சு போனப்ப நீங்க வீட்ல இருந்தீங்களா?"

"நான் ரொம்பச் சின்னப் பிள்ளை அப்போ" என்றேன்.

அது பொய் இல்லை. ஆறு வயது சின்னப் பிள்ளைதான்.

துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். எந்த வாக்கியத்தையும் முடிக்கத் தெரியாத மனிதர். நாங்கள் வைத்த பெயர் அரைப்புள்ளி. "மேடம், உங்க அண்ணாவுக்குப் பெரிய விருது... நம்ம கல்லூரியிலேயே பாராட்டு விழா... மலர் ஒண்ணு போடறோம்... அந்த ரெண்டு கவிதையையும் ஒப்பிட்டு நீங்களே ஒரு கட்டுரை... தங்கைங்கிற முறையில அந்தச் சம்பவத்தையும் கொஞ்சம்..."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

இந்த நோட்டிலாவது எழுதி வைக்கிறேன். அண்ணன் தொலையவே இல்லை. தொலைந்தது நான்.


மார்ச் 5

தலைவலி. நடந்து போய் நடந்து வந்தேன். பஸ் ஏறுவதில்லை என்பதற்கு எல்லோரிடமும் உடற்பயிற்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.


மார்ச் 9, ஞாயிறு

அம்மாவை டிவியில் காட்டினார்கள். போன வாரம் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். அண்ணியின் புடவை, அண்ணியின் சோபா. என்னோடு பதினோரு வருஷமாக இருக்கும் அம்மாவுக்குப் பேட்டி கொடுக்க மட்டும் மகன் வீடு.

"பையன் தொலைஞ்சு போன அன்னிக்கு எனக்கு உயிரே இல்லப்பா" என்றாள் அம்மா. குரல் அந்த இடத்தில் சரியாக உடைந்தது. "பெத்த வயிறு எப்படித் துடிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க."

பேட்டி எடுத்தவனுக்கே கண் கலங்கிவிட்டது. பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

நான் சோற்றுத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே ரசித்துக்கொண்டிருந்தாள். "நல்லாதான் எடுத்திருக்கான், என்ன?"

"அம்மா, தொலைஞ்சது நான்."

"என்னடி?"

"தொலைஞ்சது நான்மா. அவன் இல்ல."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வந்த விருந்தாளி தவறான வீட்டுக் கதவைத் தட்டினால் பார்ப்போமே, அப்படி. "நீயா? நீ என் இடுப்புல இருந்தே."

"ஆறு வயசுப் பிள்ளை இடுப்புலயா?"

"உனக்கென்ன தெரியும் அப்போ. சும்மா இரு, அடுத்து அவன் பேசப் போறான்."

அவன் பேசினான். அந்தச் சட்டை வரியைச் சொன்னான். எல்லா விமர்சகர்களும் தூக்கி வைத்து ஆடும் வரி.

பிறகு நான் டிவியை நிறுத்திவிட்டேன். அம்மா மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். என்ன செய்ய.


மார்ச் 10

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அப்பா, அண்ணன், நான். ஏதோ உறவுக்காரர் வீட்டிலிருந்து திரும்பும் வழி. பெரிய பஸ் நிலையம். அப்பா சீட்டு வாங்கப் போகும்போது அண்ணனிடம், "கையை விடாதே" என்றார். பொம்மைக் கடைக் கண்ணாடிக்குள் ஒரு ரயில் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தான். இரண்டு கையையும் வைத்தால் என் கை எங்கே இருக்கும்?

அப்பாவின் நீலச் சட்டை கூட்டத்தில் போவது தெரிந்தது. பின்னாலேயே போனேன். சட்டை ஒரு பஸ்ஸில் ஏறியது, நானும் ஏறினேன். பஸ் கிளம்பியது. ரொம்ப நேரம் கழித்துச் சட்டை திரும்பியது. வேறு ஆள். மூக்கில் மச்சம்.

நான் அழவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண்டக்டர் பார்த்தார். டிப்போவுக்குக் கூட்டிப்போனார்கள். பாவாடையிலேயே ஒன்றுக்குப் போயிருந்தேன். டிப்போவைப் பெருக்கும் அம்மாள் பாவாடையை அலசிக் காயப்போட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய யாரோ ஒரு டிரைவரின் காக்கிச் சட்டைக்குள் என்னைப் போட்டாள். ராத்திரி முழுக்க பெஞ்சில் அவள் மடியில் தலை. டீசல் வாடை. இன்றைக்கும் டீசல் வாடை அடித்தால் எனக்குத் தூக்கம் வரும். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

காலையில் அப்பா வந்தார். என்னைப் பார்த்தார். காக்கிச் சட்டையைப் பார்த்தார். கன்னத்தில் ஒன்று விட்டார், பெஞ்சிலிருந்து கீழே விழுந்தேன்.

அந்த அம்மாள் கேட்டாள்: "அடிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னது ஒன்றே ஒன்று: "இந்தப் பேச்சு இனி இந்த வீட்டுல வரக்கூடாது."

வரவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் மட்டும் வந்தது. அண்ணன் தினமும் கேட்பான், "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு? அந்தப் பொம்பள என்ன சொன்னா? பஸ்ல எந்தப் பக்கம் உட்கார்ந்தே?" தின்பண்டம் கேட்கிற மாதிரி கேட்பான். நானும் சொல்வேன். கேட்க ஒரு ஆள் இருந்ததே பெரிது.

அவனுக்கு அந்த மாதமே சைக்கிள் வந்தது. எனக்கு வாசலைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் வந்தது. அவன் பிள்ளை, நான் பெண் — அவ்வளவுதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.


மார்ச் 12

அம்மா இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாளே. ஒருவேளை எனக்குத்தான்? கவிதையை வகுப்பில் படித்துப் படித்து நானே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேனா? விவாகரத்தின்போது கணவர் சொன்னார், "நடக்காததையெல்லாம் மனசுல வச்சிக்கிட்டு நடந்த மாதிரியே கோபப்படறே நீ." அப்படியா?

மூக்கில் மச்சம். கவிதையில் மச்சம் இல்லை. அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு மச்சத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வழக்காடுவது?


மார்ச் 15, சனி

கட்டுரைக்கு உட்கார்ந்தேன். முதலில் எழுதியது: "அருமை அண்ணனின் பால்ய நினைவுகள் என் நெஞ்சில் இன்றும்..." கிழித்தேன்.

வாத்தியார் வேலையைச் செய்வோம் என்று இரண்டு கவிதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முப்பது வருஷமாகப் பாடம் நடத்தியிருக்கிறேனே தவிர, படித்ததில்லை போல.

முதல் கவிதை:

அப்பாவின் சட்டையைப் பின்தொடர்ந்தேன்
படி ஏறியது, ஏறினேன்
ஜன்னலோரம் அமர்ந்தது, அருகில் நின்றேன்
ஊர்கள் பின்னால் போயின
சட்டை திரும்பியது
உள்ளே வேறு யாரோ இருந்தார்.

இரண்டாவது:

விடியுமுன் ஒரு கை வந்தது
ஒளியால் செய்த கை
பேர் கேளாமல் என்னைத் தூக்கியது
அன்று முதல்
எந்தக் கூட்டத்திலும் நான் தொலைவதில்லை.

முதலாவதில் படி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, சட்டை இருக்கிறது. தொட்டால் கையில் தட்டும். இரண்டாவதில் விடியல், ஒளி, கை. எந்தக் கடையிலும் கிடைக்கும் சாமான். முதலாவதில் பிள்ளை ஏறுகிறது, நிற்கிறது, பார்க்கிறது. இரண்டாவதில் பிள்ளை மூட்டை, தூக்குகிறார்கள், அவ்வளவுதான். பெஞ்ச் எங்கே? டீசல் எங்கே? பாவாடையை அலசிய அந்த அம்மாள் எங்கே? ராத்திரி முழுக்கக் காப்பாற்றியவளைத் துடைத்துவிட்டு, காலையில் அறைய வந்த கைக்கு ஒளி பூசியிருக்கிறான். கை வந்தது உண்மை. தூக்க வரவில்லை.

அப்பா அந்த இரண்டாம் கவிதையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதைப் படித்துவிட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நான் அப்போது காப்பி கொண்டுவந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். "சட்டை திரும்பிச்சு, உள்ள வேற யாரோ இருந்தாங்க" — பள்ளிக்கூடத்து வழியில், புளிப்பு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நான் அவனிடம் சொன்ன வாக்கியம் அது. அப்படியே. 'ங்க'வை எடுத்துவிட்டு 'ர்' போட்டிருக்கிறான். அதுதான் கவிஞரின் உழைப்பு.


மார்ச் 16

கவிதைக்குள் எங்குமே ஆண்பால் இல்லை. ஏறினேன், நின்றேன், தொலைவதில்லை. தன்மை வினைக்கு ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது; ஒன்பதாம் வகுப்பு இலக்கணம். தலைப்பில் மட்டும்தான் அந்த 'வன்'.

ஒரே ஒரு எழுத்தில் வெளியே நிறுத்திவிட்டான் என்னை.


மார்ச் 19, புதன்

மத்தியானம் கல்லூரி இல்லை. அம்மாவுக்குக் கால் நகம் வெட்டினேன். வெந்நீரில் ஊறவைத்து, பாதத்தை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு. அவளுக்குக் குனிய முடியாது. அண்ணி செய்ய மாட்டாள்.

எதுவும் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். பேச்சை எடுத்தது அவள்தான்.

"அன்னிக்கு டிவி பார்த்ததுல இருந்து நீ என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

"அப்படியெல்லாம் இல்ல."

"எனக்குத் தெரியாமலாடி இருக்கும்? தொலைஞ்சது யாருன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?"

நகவெட்டி கையிலேயே நின்றது.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா உன்னைக் கூட்டிட்டு வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. ஒரு ராத்திரி முழுக்க வெளிய இருந்துட்டு, ஆம்பள சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கா. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. யார் கேட்டாலும் பையன் தொலைஞ்சான்னு சொல்லுன்னாரு. தெருவுல எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி... அழுகை மட்டும் நிஜமாத்தான்டி வந்துச்சு. உனக்காக அழுததை அவன் பேர்ல அழுதுட்டேன்."

"எனக்கு ஆறு வயசும்மா."

"ஆறு பதினாறாகும்ல? கல்யாணம்னு வர்றப்ப கேப்பாங்கல்ல?"

"கல்யாணம் ஆகி என்ன கிழிச்சுது?"

"அது வேற."

"அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு தொலைஞ்சா என்னடி? கிடைச்சாச்சுல்ல."

இன்னும் மூன்று விரல் பாக்கி இருந்தது. வெட்டி முடித்தேன். துடைத்தேன். எண்ணெய் தடவினேன்.


மார்ச் 20

கிடைச்சாச்சாம்.


மார்ச் 21

அப்படியானால் சைக்கிள்? தெருவில் எல்லோரும் அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தார்களே, டீச்சர் அவனுக்கு மட்டும் கலர் பென்சில் கொடுத்தாரே — எல்லாம் எனக்கு வர வேண்டியது. ஆறு வயதுக்கு வந்த ஆறுதல் முழுவதும் முகவரி மாறிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டது. நான் பொறாமையில் அவன் பென்சிலை உடைத்தேன். அதற்கும் அடி வாங்கினேன்.

செத்துப்போன அப்பாவைத் திட்டக் கூடாது என்பார்கள். யார் சொன்னது? திட்டுகிறேன். நல்லாத் திட்டறேன். ஊர் பேசுமேன்னு பயந்தியே, ஊரா எனக்குச் சோறு போட்டுது?


மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் வந்தான். ஆப்பிள், திராட்சை, அம்மாவுக்கு ஒரு சால்வை. விழா அழைப்பிதழும். அம்மா தூங்கப் போனதும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். துணி காய்ந்துகொண்டிருந்தது. அவனை நிழலில் நிற்க வைத்துவிட்டு வெயிலில் நின்றேன்.

"அம்மா சொல்லிட்டா" என்றேன்.

எதை என்று அவன் கேட்கவில்லை. அது போதுமாக இருந்தது எனக்கு.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"எத்தனை நாளா என்ன. அன்னிலருந்துதான்." துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டான். "அப்பா என்னைப் பரணுக்குக் கீழ நிக்க வச்சு ஒப்பிக்கச் சொன்னாரு. கேட்டா என்ன சொல்வே? எந்த பஸ்ஸு? யார் பார்த்தா? தப்பாச் சொன்னா தொடையில கிள்ளுவாரு. எனக்கு என்ன தெரியும்? நான் அந்தக் கடை வாசல்ல நின்னு கத்திட்டு இருந்தவன். அதான் உன்கிட்ட கேட்டுக் கேட்டு..."

"அதுக்குத்தான் கேட்டியா?"

"அப்போ அதுக்குத்தான்."

பள்ளிக்கூடத்து வழி. என் கதையைக் கேட்ட ஒரே ஆள். அவன் பாடம் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

"சரி, அப்போ ஒன்பது வயசு. கவிதை எழுதறப்ப என்ன வயசு?"

"அதைச் சொன்னா நம்பமாட்டே. எழுதறப்ப நான்தான் அந்த பஸ்ல இருந்தேன். இப்பவும் கண்ணை மூடினா நான்தான் இருக்கேன். நீ இல்ல."

"மூக்குல மச்சம் இருந்துச்சு அந்த ஆளுக்கு."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. டிப்போவுல இருந்த அம்மாளைப் பத்தி நான் உனக்கு எவ்வளவு சொன்னேன். ஏன் எழுதல?"

"அப்பா உயிரோட இருந்தாரே." கொடியை விட்டுவிட்டு, "கவிதையில வர்ற கை மாதிரி ஒரு அப்பா வரணும்னு எனக்கு ஆசை. அது தப்பா? அன்னிக்கு அவர் உன்னைத் தேடி மூணு டிப்போ அலைஞ்சாரு. என்னை உள்ரூம்ல போட்டுப் பூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்ததும் நீ தூங்கிட்டே. நான் வாங்கினேன். கையை விட்டதுக்கு."

இது எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் இளகிவிட்டேன் என்றே எழுதுகிறேன். அந்த ஒரு நிமிஷத்தை அவனே கெடுத்துக்கொண்டான்.

"கட்டுரையில இதெல்லாம் எழுதப் போறியா?"

"எழுதினா?"

"பாடப்புத்தகத்துல வந்தாச்சு. விருதுக் குறிப்புல அந்தச் சம்பவம்தான் முதல் வரி. இப்போ போய் இல்லைன்னா நான் என்ன திருடனா? அம்மா டிவியில பேசியிருக்கா, அவளையும் சேர்த்துக் கேவலப்படுத்தணுமா? உனக்குக் கவிதை எழுத வரல, அதுக்கு நான் என்ன பண்றது?"

"அந்தச் சட்டை வரி யார் சொன்னது?"

கொடியில் ஒரு கிளிப்பை எடுத்து மறுபடி மாட்டினான்.

"யார் சொன்னதுடா?"

'டா' போட்டேன். மூத்தவனை. வாழ்க்கையில் முதல் தடவை.

"நீதான் சொன்னே" என்றான். "சொல்லிட்டு மிட்டாய் வாங்கப் போயிட்டே. நான்தான் அதை இத்தனை வருஷம் வச்சிருந்தேன்."

இறங்கிப் போய்விட்டான். திராட்சையை அம்மா சாயங்காலம் சாப்பிட்டாள். விதை இல்லாதது, நல்லா இருக்கு என்றாள்.


மார்ச் 24

பதில் இப்போது தோன்றுகிறது. நேற்றுத் தோன்றவில்லை. வச்சிருந்தே சரி, யார் பேர் போட்டு வச்சிருந்தே?


மார்ச் 29

கட்டுரை முடிந்தது. குடும்பம், சம்பவம், அண்ணன், தங்கை எதுவும் இல்லை. அம்மாவுக்காகவா? பயமா? தெரியவில்லை. ஊர் முன்னால் போய் நின்று நான்தான் நான்தான் என்று கத்த எனக்கு வரவில்லை. தொலைந்த அன்றைக்கே வரவில்லை.

இரண்டு பக்கம். முதல் கவிதையில் பேசுவது நடந்ததை அனுபவித்த குரல். இரண்டாவதில் பேசுவது சொல்லிக் கொடுக்கப்பட்ட குரல். இரண்டும் ஒரே குழந்தை இல்லை. முதலாவது முழுக்கக் கவனம். இரண்டாவது முழுக்க ஏக்கம். தலைப்பை மறைத்துவிட்டுப் படித்தால், முதல் கவிதையில் பேசுவது ஒரு சிறுமி என்றே தோன்றுகிறது. இலக்கணம் அதைத் தடுக்கவில்லை. முடிவாக ஒரு வரி: மீட்பு என்று இரண்டாம் கவிதை சொல்வது, முதல் கவிதையின் குழந்தையை வந்து சேரவே இல்லை.


ஏப்ரல் 2

அரைப்புள்ளி கூப்பிட்டார். "மேடம், சிறுமின்னு... தலைப்புலயே 'வன்'னு தெளிவா... அதுவும் பாராட்டு மலர்ல குறை சொல்ற மாதிரி... மக்கள் தப்பா, தங்கச்சிக்குப் பொறாமைன்னு..."

"எடுத்துடுங்க சார், போடலைன்னா பரவாயில்ல."

"ஐயோ, எடுக்கிறதுன்னு இல்ல... பக்கம் ஒதுக்கியாச்சு..."

கடைசியில் போடுகிறார்களாம். விளம்பரங்களுக்கு அப்புறம்.


ஏப்ரல் 12, சனி

விழா. அம்மா முன்வரிசையில், புதுச் சால்வையோடு. எனக்கும் அவள் பக்கத்தில் இடம். மேடையில் ஒருவர் அண்ணனை "தொலைந்து கிடைத்த செல்வம்" என்றார். கைதட்டல். அம்மாவும் தட்டினாள், நான் பார்ப்பது தெரிந்ததும் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் இரண்டு கவிதையையும் வாசித்தான். அவன் மேஜையில் மலர் இருந்தது, கடைசிப் பக்கம் வரை பிரித்த மாதிரி தெரிந்தது. சட்டை வரியில் கொஞ்சம் தாமதித்தான். உருக்கம் என்று நினைத்துக் கூட்டம் மூச்சைப் பிடித்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

'கிடைத்தவன்' தொடங்கியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நடந்தே வீடு. அம்மாவை அண்ணி காரில் கொண்டுவந்து விட்டாள்.


ஏப்ரல் 13

அவனிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை.


ஜூன் 6

போன் இல்லை. அம்மாவிடம் மட்டும் பேசுகிறான். "அவ எப்படி இருக்கா"ன்னு கேட்டானாம். இருக்கேன்னு சொல்லு என்றேன்.


செப்டம்பர் 18, வியாழன்

தபாலில் புத்தகம் வந்தது. அண்ணனின் கவிதைகள், விருதுக்குப் பிறகு வந்த புதிய பதிப்பு, கெட்டி அட்டை. கையெழுத்து இல்லை, கடிதம் இல்லை. பதிப்பகமே அனுப்பியிருக்கும் என்று நினைத்து அலமாரியில் வைக்கப் போனேன். சும்மா பொருளடக்கத்தைப் பார்த்தேன்.

தொலைந்தவள். கிடைத்தவன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். கவிதையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தலைப்பில் மட்டும் 'ன்' போய் 'ள்' வந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அது அப்படியே இருக்கிறது, ஒளி, விடியல் எல்லாவற்றோடும் — கிடைத்த'வன்'.

தொலைந்தவள் ஒருத்தி, கிடைத்தவன் ஒருத்தன். முப்பது வருஷத்தில் அவன் எழுதிய ஒரே உண்மையான வரி இந்தப் பொருளடக்கம்தான்.

என் பேர் எங்கும் இல்லை. தேடினேன். நன்றியுரை வரை தேடினேன்.


அக்டோபர் 5

ஞாயிறு இதழில் மதிப்புரை. "தன் சொந்த அனுபவத்தையே ஒரு சிறுமியின் அனுபவமாக மாற்றி எழுதிப் பார்க்கும் துணிவு இந்தக் கவிஞருக்கு மட்டுமே சாத்தியம். ஒரே எழுத்தில் கூடுவிட்டுக் கூடு பாய்ந்திருக்கிறார். பெண் மனத்தை இத்தனை நெருக்கமாக..."

வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா உள்ளேயிருந்து, "என்னடி?" என்றாள்.

"உன் பிள்ளை பொண்ணாயிட்டானாம்."

உண்மையைச் சொன்னாலும் அவனுக்குத்தான் மாலை.


அக்டோபர் 14

அரைப்புள்ளி: "மேடம், புதுப் பதிப்பைப் பார்த்துப் பாடநூலைத் திருத்தறோம்... ஒண்ணு 'வள்'ளுன்னு இருக்கு, ஒண்ணு 'வன்'னுன்னு... ஜோடிக் கவிதை, எப்படியும் ஒண்ணு அச்சுப்பிழையா... அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டு..."

"கேட்க வேண்டாம் சார். பிழை இல்ல. ரெண்டும் சரி."

"இல்ல, ஒப்பிடுகன்னு கேள்வி வர்றப்ப பசங்க குழம்பி..."

"குழம்பட்டும் சார்."

அப்படியே அச்சுக்குப் போகிறது.


நவம்பர் 2, ஞாயிறு

மேல்வீட்டுக்காரம்மா டீக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு அவளோடு பேசப் பிடிக்கும். எங்கள் குடியிருப்பு முழுக்க அவள் வாயில்தான் புழங்கும். நான் சமையலறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது.

"உங்க பையன் போட்டோவைப் பேப்பர்ல பார்த்தேன்மா. சின்ன வயசுல தொலைஞ்சு போனாராமே, படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

நான் அடுப்பைச் சின்னதாக்கினேன்.

"பையன் இல்ல" என்றாள் அம்மா. "இவதான். பொண்ணுதான் தொலைஞ்சா. ஒரு ராத்திரி முழுக்க பஸ் டிப்போவுல இருந்தா. ஆறு வயசு. ஊர் என்ன பேசுமோன்னு நாங்கதான் மாத்திச் சொல்லிட்டோம்."

"ஓ, அப்படியா" என்றாள் மேல்வீட்டுக்காரம்மா. "பாவம்." பிறகு, "எங்க சின்னவன்கூட ஒரு தடவை கடைத்தெருவுல காணாமப் போயிட்டான். இன்னும் கொஞ்சம் சர்க்கரை இருக்குமா? அப்புறம், நாளைக்குக் காலையில மோட்டார் ரிப்பேராம், தண்ணி பிடிச்சு வச்சுக்கோங்க."

அவ்வளவுதான். ஊர் அவ்வளவுதான் பேசியது.

சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. டம்ளருக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேல்வீட்டுக்காரம்மாவுக்குச் சர்க்கரை போட்டேன். பிறகு அம்மாவின் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.